அக்குளில் ‘பட்’டென்றது: ஏழாவது வரியில் எழுத வேண்டிய விஷயமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 27. நான்கு ஆண்டுகளாக பவர்லிஃப்ட்டிங் செய்கிறேன். போட்டிக்கு 14 வாரம் இருக்கிறது, இப்போது ஆஃப்சீசன் பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து எடைக்கம்பியை, அதாவது பாரை, நெஞ்சுவரை இறக்கித் தள்ளுவது) பயிற்சி. தோளில் டக் டக் என்று சத்தம் வருகிறது. இடது மார்பு எப்போதுமே வலதைவிடக் கொஞ்சம் சிறியது. இரவில் சுண்டுவிரல் மரத்துப்போகிறது. இரண்டு வாரம் முன்பு பாரை இறக்கும்போது வலது அக்குள் பக்கம் ‘பட்’டென்றது, மறுநாள் மேற்கை கன்றிப்போயிருந்தது. இப்போது வலி குறைந்துவிட்டது, ஆனால் பெஞ்சில் பலம் இல்லை. பயிற்சிக்கு முன் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போட்டுக்கொள்கிறேன். இணையத்தில் படித்ததிலிருந்து ரோட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைநாண்கள்) கிழிந்திருக்குமோ என்று பயம். தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சரியாகும் என்கிறார் நண்பர். ஓய்வெடுத்தால் சேர்த்த பலமெல்லாம் போய்விடுமா?

பதில்: உங்கள் பயம் தோளைப் பற்றியது இல்லை, அந்தக் கடைசி வரிதான். அதற்கு வருகிறேன். முதலில் எனக்குப் பயம் தந்த வரியைப் பார்ப்போம்.

பாரை இறக்கும்போது அக்குளில் ‘பட்’, மறுநாள் மேற்கையில் கன்றல், அதன்பின் பெஞ்சில் பலக்குறைவு. இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து வந்தால், வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை அதை மார்புப் பெருந்தசையின் கிழிசலாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் இணையத்தில் தேடியது தோளின் உள்ளே. பிரச்சினை இருப்பது அக்குளின் முன்பக்கம். மார்புத் தசை அகலமாக விரிந்து கிடந்தாலும், கடைசியில் ஒரு தட்டையான தசைநாணாகத் திரண்டு மேற்கை எலும்பில்தான் கட்டப்பட்டிருக்கிறது. பார் நெஞ்சுக்கு வரும்போது முழங்கை உடம்புக்குப் பின்னால் போகிறது. அப்போது தசையின் கீழ்ப்பகுதி இழைகள் மிக அதிகமாக நீள்கின்றன, அதே நேரம் மொத்தச் சுமையையும் பிடித்து நிறுத்தவும் வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கிழிசல் பெரும்பாலும் தள்ளும்போது வராமல் இறக்கும்போது வருகிறது. இது வரும் ஆட்களும் உங்களைப் போன்றவர்கள்தான்: 20 முதல் 40 வயதுக்குள் உள்ள ஆண்கள், பெஞ்சில் படுத்திருக்கும்போது.

ஆஃப்சீசன் என்றால் எடை குறைவு, ஆபத்தும் குறைவு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எடை குறைவுதான், ஆனால் ரெப் (ஒரே மூச்சில் தூக்கும் தடவை) அதிகம், களைப்பு அதிகம், பிடி மாற்றுவதும் முதுகு வளைவு மாற்றுவதும் இந்தச் சமயத்தில்தான். சர்வதேச பவர்லிஃப்ட்டிங் கூட்டமைப்பு 2023 முதல் முழங்கையின் அடிப்பகுதி தோள் மூட்டின் மேல்மட்டத்துக்காவது இறங்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. முன்பு பெரிய வளைவு போட்டு, பாரைச் சில அங்குலம் மட்டும் நகர்த்திப் பழகியவர்கள் இப்போது ஆழம் தேடுகிறார்கள். விதி அனுமதிக்கும் அதிகபட்ச அகலமான 81 சென்டிமீட்டர் பிடியோடு திடீரென்று ஆழமும் சேர்த்தால் அந்தத் தசைநாண் என்ன செய்யும்? நீங்கள் சமீபத்தில் அப்படி ஏதாவது மாற்றினீர்களா என்று எழுதவில்லை. மாற்றியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்று, இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து உள்நோக்கி அழுத்துங்கள். அக்குளின் முன்பக்கம் கெட்டியான ஒரு மடிப்பு எழும். வலது பக்கம் அது மெலிந்தோ காணாமலோ இருந்தால், அல்லது தசை நெஞ்சுப் பக்கமாகச் சுருண்டு நின்றால், இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் சில நாள் வீக்கம் இந்தப் பள்ளத்தை மறைத்துவிடும். இரண்டு வாரம் ஆகிவிட்டதால் இப்போது தெளிவாகத் தெரியும். மடிப்பு சரியாக இருந்தாலும் போங்கள், பகுதிக் கிழிசல் கண்ணாடியில் தெரியாது. வலி குறைந்ததை வைத்து ஏமாற வேண்டாம். முழுதாக அறுந்த நாணை இழுக்க ஒன்றுமில்லை, அதனாலும் வலி குறையும்.

எக்ஸ்ரே பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எம்ஆர்ஐ வேண்டும். அதுவும் ‘தோள் எம்ஆர்ஐ’ என்று மட்டும் எழுதினால் இந்த இடம் படத்துக்கு வெளியே போய்விடலாம். மார்புப் பெருந்தசை எலும்பில் சேரும் இடம்வரை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அவசரம் ஏன் என்றால், நாண் எலும்பிலிருந்து பிய்ந்திருந்தால் முதல் சில வாரங்களுக்குள் தைப்பது எளிது. நாளாக நாளாகத் தசை சுருங்கி, சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும். தைக்காமல் விட்டால் அன்றாட வேலைக்குப் பெரிதாகக் குறையிருக்காது. ஆனால் உங்கள் கேள்வி பையைத் தூக்குவது பற்றியது இல்லையே.

அந்த மாத்திரையை நிறுத்துங்கள். வலி என்பது தசை உங்களுக்குத் தரும் எச்சரிக்கை; அதை அணைத்துவிட்டுப் பெஞ்சில் படுப்பது விளக்கை அணைத்துவிட்டுப் படி இறங்குவது மாதிரி. தினமும் போட்டால் சிறுநீரகம், இரைப்பை, ரத்த அழுத்தம் எல்லாம் தனிக்கணக்கு. நண்பரின் ஊசி இன்னும் மோசம். நாணின் அருகே போடும் ஸ்டீராய்டு ஊசி அதைப் பலவீனமாக்கக்கூடும். போதாததற்கு, 2022 முதல் அந்த வகை ஊசிகள் எந்த வழியில் போட்டாலும் போட்டிக் காலத்தில் ஊக்கமருந்து விதிப்படி தடை. தசை வளர்க்கும் ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா என்றும் நீங்கள் எழுதவில்லை. எடுத்தால் பார்க்கும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். தசை வேகமாகப் பலம் பெறும், நாண் அந்த வேகத்துக்கு வராது.

சரி, மீதியைச் சொல்லிவிடுகிறேன். வலியில்லாத டக் டக் ஒன்றுமில்லை. எப்போதும் இருக்கும் இடது வலது வித்தியாசம் உங்கள் உடம்பின் அமைப்பு. சுண்டுவிரல் மரத்துப்போவது முழங்கையை மடக்கித் தூங்குவதால் நரம்பு அழுந்துவதாக இருக்கும். கையை நீட்டிப் படுத்துப் பாருங்கள், பகலிலும் மரத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது பலம். இரண்டு மூன்று வாரம் பெஞ்ச் செய்யாவிட்டால் அதிகபட்ச பலம் பெரிதாகக் குறையாது, குறைந்ததும் சேர்த்ததைவிட வேகமாகத் திரும்பும். ஸ்கேன் முடிவு வரும்வரை மார்பை இழுக்கும் பயிற்சிகளான பெஞ்ச், டிப்ஸ், ஃப்ளைஸ் மூன்றும் வேண்டாம். ஸ்குவாட்டில் பாரைப் பிடிக்கக் கையைப் பின்னால் கொண்டுபோவதே அந்த நாணை இழுக்கும், அதனால் அதையும் விட்டு லெக் பிரஸ் செய்யுங்கள். தசையின் நடுவில் சிறு கிழிசல் என்றால், குறைந்த ஆழத்தில், தரையில் படுத்துச் செய்யும் ஃப்ளோர் பிரஸ்ஸில் தொடங்கிப் படிப்படியாகத் திரும்பலாம். 14 வாரத்தில் மேடை ஏறவும் வாய்ப்பு உண்டு. நாண் அறுந்திருந்தால் தையலுக்குப் பின் சில வாரம் கை தொங்குபட்டையில் இருக்கும், கனமான பெஞ்சுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அப்போது இந்தப் போட்டி இல்லை.

பெயர் கொடுத்துவிட்டீர்களா தெரியவில்லை. கொடுக்காவிட்டால் ஸ்கேன் வரும்வரை பொறுங்கள்.