எலக்ட்ரானிக் டிரம்ஸில் தாமதம், மூடாத ஹை-ஹாட்

வணக்கம். பெங்களூர் அல்சூர் வீட்டில் எலக்ட்ரானிக் டிரம்ஸை யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைத்து வாசித்தால் அடித்து சற்றுத் தாமதமாகத்தான் சத்தம் வருகிறது, பெடலை மிதித்தாலும் ஹை-ஹாட் (பெடலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) திறந்தே ஒலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கிட் (டிரம் செட்) நன்றாகத்தான் இருக்கும், மாற்ற வேண்டாம்.

தாமதம் பஃபர் சமாச்சாரம், அதாவது லேப்டாப் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள் (ஒலித் துணுக்கு) சேர்த்துவைத்து அனுப்புகிறது என்பது. நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால் 1024 பஃபர் மட்டுமே சுமார் 23 மில்லிசெகண்ட் தின்றுவிடும். 128-க்கு இறக்கினால் 3-க்கும் குறைவு. விண்டோஸ் என்றால் ஆடியோ இன்டர்ஃபேஸோடு (ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி) வரும் ஏசியோ என்ற தாமதம் குறைந்த டிரைவரைப் போடுங்கள். சத்தம் படபடவென்று உடைந்தால் பஃபரை 256 ஆக்குங்கள்.

ஆனால் நான் வாசிக்கும்போது ப்ளக்-இன்னை (லேப்டாப்பில் டிரம் ஒலி தரும் மென்பொருள்) கேட்பதே இல்லை. மாட்யூலின் (கிட்டோடு வரும் ஒலிப்பெட்டி) இடது, வலது அவுட்டை இன்டர்ஃபேஸில் செருகி, லேப்டாப்பைச் சுற்றாமல் நேரே கேட்கவைக்கும் டைரக்ட் மானிட்டரைப் போட்டுக்கொள்வேன். சொந்த அடி உடனே காதில் விழும். அந்த ஆடியோ ஒரு ட்ராக், மிடி (எதை, எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்ற தகவல்) இன்னொரு ட்ராக், இரண்டும் ஒரே நேரத்தில் பதிவாகட்டும். கேபிள் இல்லையா? எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும்.

அப்புறம் ஹை-ஹாட். பெடல் எவ்வளவு மிதிபடுகிறது என்பது பெரும்பாலும் மிடி கன்ட்ரோலர் 4 என்ற எண்ணுள்ள தகவலாகத்தான் போகும். ப்ளக்-இன்னில் உங்கள் கிட் மாடலுக்கான மேப் (எந்தத் தகவலுக்கு எந்த ஒலி என்ற பட்டியல்) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மிதித்தால் திறந்து, விட்டால் மூடுகிறதா? ரிவர்ஸ் மாதிரி ஒரு பட்டன் இருக்கிறதா, பாருங்கள்.

கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுமுன் இன்னொன்று: ஹெட்ஃபோன் போட்டாலும் கிக் பெடலின் அதிர்வு தரை வழியே இறங்கும். இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வைத்து அதன்மேல் கிட்டை நிறுத்துங்கள். இன்டர்ஃபேஸ் எந்த மாடல் என்று சொன்னால் செட்டிங்கைப் பார்த்துச் சொல்கிறேன்.