தின்று தீர்த்தால் மிச்சமா?

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் ஐந்து பேர். கொரோனா ஊரடங்கை இறுக்கப் போகிறார்கள் என்றதும் 2021 மே 23 ஞாயிறன்று என் கணவர் கடைக்குப் போய் 6 கிலோ தக்காளி, 3 கிலோ கத்தரிக்காய், 2 கிலோ கொத்தவரங்காய், கட்டுக் கட்டாகக் கீரை, மல்லித்தழை என்று இரண்டு சாக்குப்பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். ஒரே வாரத்தில் பாதி அழுகிவிட்டது. சமைத்த சாப்பாடும் தினமும் மீந்துபோகிறது. முன்பு மீந்ததை வேலைக்கு வரும் அம்மா எடுத்துப்போவார், இப்போது அவரும் வருவதில்லை. நான் கொட்டப் போனால் அத்தை (70 வயது, சர்க்கரை உண்டு) பிடுங்கி வைத்து, மூன்று நாள் குழம்பைக்கூடச் சூடுபண்ணிச் சாப்பிடுகிறார். "காசு கொடுத்து வாங்குனதக் கொட்டுற கை விளங்குமா" என்கிறார். தினம் இதே சண்டை. இப்போதும் பிரிட்ஜில் ஒரு சட்டிக் குழம்பு நிற்கிறது. என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: தங்கச்சி, முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. போன வருஷம், 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்களே, அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை நானும் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கூட்டத்தில் முண்டியடித்தவள்தான். நான்கு நாளைக்கு நான் வாங்கியது இரண்டு வாரக் காய். அதில் எட்டுக் கட்டு மல்லித்தழை! எதற்கு எட்டு என்று இன்றுவரை எனக்கே தெரியாது. பத்து நாள் கழித்து பிரிட்ஜின் அடித்தட்டை இழுத்தால் ரப்பர் பேண்டு மட்டும்தான் முழுசாக இருந்தது, தழை கரும்பச்சைக் கூழாகி வெண்டைக்காய் மேலெல்லாம் வடிந்திருந்தது. கையால் வழித்துப் போட்டேன். இரண்டு நாளைக்கு சோப்புப் போட்டும் அந்த வாடை போகவில்லை.

அதனால் உங்கள் வீட்டுக்காரரைத் திட்டாதீர்கள். அவர் தக்காளி வாங்கப் போகவில்லை, பயத்துக்கு மருந்து வாங்கப் போனார். வேலை எப்படிப் போகுமோ, யாருக்குக் காய்ச்சல் வருமோ, எதுவும் தன் கையில் இல்லாத நேரத்தில், "வீட்டுக்கு வேண்டியதை வாங்கிப் போட்டுவிட்டேன்" என்பது ஒன்றுதான் ஒரு ஆம்பிளைக்குச் செய்ய முடிந்த காரியமாக இருந்தது. அதைப் புரிந்துகொண்டு, அடுத்த முறை சீட்டை நீங்கள் எழுதிக் கொடுங்கள். காய்கறி வண்டி தெருவுக்கே வருகிறது, இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் போதும். சீட்டில் இல்லாதது வந்தால் அதை ஆய்ந்து, நறுக்கி, சமைக்கிற வேலை அவருடையது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

இது உங்கள் வீட்டுக் கூத்து மட்டும் என்று நினைத்து உடைந்துபோக வேண்டாம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் இந்த 2021 மார்ச்சில் ஒரு கணக்கு வெளியிட்டது. கொரோனாவுக்கு முந்தைய 2019-இல், உலகம் முழுக்க 93 கோடி டன் உணவு குப்பைக்குப் போயிருக்கிறது, அதில் 61 சதவீதம் வீடுகளில் இருந்து. இந்தியாவில் வீட்டுக்குள் ஆளுக்கு வருஷத்துக்கு 50 கிலோ என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், தோல், எலும்பு, கொட்டை எல்லாம் சேர்த்துத்தான். ஐந்து பேர் என்றால் 250 கிலோ. பத்து மூட்டை அரிசி, 25 கிலோ மூட்டையில்.

சரி, சமைத்தது ஏன் தினமும் மீந்துபோகிறது? இதை நான் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தது: நம் வீடுகளில் அளவுபடி எதுவென்றால் டிபன் பாக்ஸ்தான். பெரியவனுக்கு இந்த டப்பா, சின்னவளுக்கு அந்தக் குட்டி டப்பா, அவருக்கு மூன்றடுக்கு கேரியர், அது நிறைந்தால் அன்றைய சமையல் முடிந்தது. பள்ளிக்கூடமும் ஆபீஸும் மூடியதும் டப்பா பரண் மேல் போய்விட்டது, கண்ணளவில் வடிக்கிறோம், "எல்லாரும் வீட்டில்தானே இருக்காங்க" என்று அரை டம்ளர் கூடவே போடுகிறோம். பிள்ளைகளோ பதினோரு மணிக்கு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மத்தியானம் மூன்று மணிக்குத் தட்டைத் தள்ளுகின்றன. நான் போன ஜூனில் டப்பாக்களை இறக்கிவிட்டேன். காலையில் சமைத்ததும் அவரவர் டப்பாவில் போட்டு மேஜையில் வைத்துவிடுவேன், எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம், வேறு கிடையாது. முதல் நாள் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் அரிசியை ஒரு டம்ளர் குறைத்துவிட்டேன்.

இனி அத்தை விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான்.

அத்தைக்கு 70 என்றால் 1967 தேர்தலின்போது 16 வயசுப் பெண். "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று சொல்லி தி.மு.க. ஓட்டுக் கேட்ட தேர்தல் அது. ஒரு படி அரிசிக்கு ஆட்சியே மாறிய காலத்தில் வளர்ந்த கைக்குச் சோற்றைக் கொட்ட வராது, வரவும் வேண்டாம். அந்தக் கையை நான் கும்பிடுகிறேன். ஆனால் அவர் செய்வதைச் சிக்கனம் என்று மட்டும் நானோ நீங்களோ சொல்லக் கூடாது. மீந்ததைச் சாப்பிடுவது யார் என்று நம் வீடுகளில் எண்ணிப் பாருங்கள்: பாட்டி, அம்மா, மருமகள். கடைசித் தட்டு, ஆறிய குழம்பு, பிள்ளை கடித்து வைத்த தோசை எல்லாம் பொம்பளை வயிற்றுக்குள் போனால் அது மிச்சம், கூடைக்குள் போனால் வீண் என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. தேவையில்லாத சோற்றைச் சர்க்கரைக்காரர் தின்று தீர்த்தாலும் அது வீணாய்ப் போன சோறுதான், கூடவே உடம்பும் போகும்.

அதிலும் இது நேரமா? ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு ஆள் அலைகிற மாசத்தில் வாந்தி, பேதி என்று எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்? சூடுபண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தப்பு. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு, அதன் வித்து கொதிக்கிற உலையிலும் சாகாது, வெந்த சோறு மணிக்கணக்காக வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகும். அது கக்குகிற விஷங்களில் ஒன்று மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. அதனால் சோறு, பருப்பு, தேங்காய் அரைத்த கூட்டு எதுவானாலும் மீந்துபோகும் என்று தெரிந்த உடனே, சூடு ஆறியதும், சின்ன ஏனத்தில் மாற்றி பிரிட்ஜுக்குள் வையுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள், வேண்டிய அளவை மட்டும் எடுத்து ஒரே தடவை கொதிக்க வையுங்கள். புளியும் நல்லெண்ணெயும் ஊற்றிய வத்தக்குழம்பு கொஞ்சம் தாங்கும், சாம்பார் தாங்காது. பிரிட்ஜைத் திணித்து வைத்திருந்தால் உள்ளே குளிர்காற்று சுற்றாது, அப்புறம் அது வெறும் அலமாரிதான்.

சண்டைக்கு என் யோசனை: அரிசி அளக்கிற வேலையை அத்தையிடம் கொடுத்துவிடுங்கள். முழுசாக. டம்ளர் அவர் கையில், சாவி அவர் இடுப்பில். கொட்டுகிற இடத்தில் அவரோடு மல்லுக்கட்டுவதைவிட, போடுகிற இடத்தில் அவரை உட்கார வைத்தால் அந்தக் கை சரியாக அளக்கும். இன்று எவ்வளவு மீந்தது என்று அவரே பார்த்து நாளைக்குக் குறைப்பார்.

மீதிக் காய்க்கு வருகிறேன். தப்பிப் பிழைத்த தக்காளியை இன்றே தொக்காக்கிவிடுங்கள், நல்லெண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை சுண்ட விட்டு, கண்ணாடி பாட்டிலில், ஈரக் கரண்டி படாமல். கொத்தவரங்காயையும் கத்தரிக்காயையும் உப்புப் போட்டு அரை வேக்காடு வேகவைத்து மொட்டைமாடியில் காயப் போடுங்கள். மதுரை வெயிலை வைத்துக்கொண்டு வத்தல் போடாமல் காயை அழுகவிட்டீர்கள் என்றால் அத்தை கோபித்ததில் பாதி நியாயம் இருக்கிறது! மல்லித்தழை இருந்தால் கட்டை அவிழ்த்து, அழுகிய இலையைக் கிள்ளி, கழுவாமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும். பச்சை படிந்து முளைவிட்ட உருளைக்கிழங்கை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

இன்னொன்று, உங்களைக் குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வேலைக்கு வரும் அம்மா இத்தனை நாள் உங்கள் மீந்த சோற்றை எடுத்துப்போனதால்தான் உங்கள் வீட்டில் எவ்வளவு மீந்துபோகிறது என்பதே தெரியாமல் இருந்திருக்கிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த மாதச் சம்பளத்தை அவருக்கு அனுப்பிவிட்டீர்களா? வேலைக்கு வராவிட்டாலும் அனுப்புங்கள், முடிந்தால் ஐந்து கிலோ அரிசியும் பருப்பும் சேர்த்து.

பிரிட்ஜில் நிற்கும் அந்தச் சட்டிக் குழம்பைக் கொட்டிவிடுங்கள். அத்தை தூங்கும்போது திருட்டுத்தனமாக வேண்டாம். அவர் எதிரிலேயே, "அத்தை, இது நேத்தே போயிருக்கணும், அளவு தெரியாம நான்தான் கூட வச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு. ஏனத்தைக் கழுவ உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.