டிசம்பர் பினாங்கு: ஏழு நாளும் மின்னல் படம் காட்டினால்?

முட்டிவலியுள்ள அம்மாவோட டிசம்பரில் மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வர்றதா இருந்தோம், வானிலைச் செயலி ஏழு நாளும் மின்னல் படம் காட்டுது, ரத்து செய்யலாமான்னு கேட்டீங்க. ரத்து செய்யாதீங்க. கைப்பேசியில் ஏழு நாளும் மின்னல் படம் தெரிந்தால் ஏழு நாளும் கொட்டும்னு அர்த்தமில்லை. அந்த நாளில் எப்போதோ ஒரு நேரம் இடி மழை வரலாம், அவ்வளவுதான். இங்கே அது பெரும்பாலும் மாலையில் ஒரு மணி, ரெண்டு மணி நேரம் அடிச்சுட்டு விட்டுடும்.

நீங்க செய்தியில் பார்க்கிற டிசம்பர் வெள்ளம் கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தான், திரங்கானு பக்கம். வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடல் ஈரத்தை அங்கேதான் முதல்ல இறக்கும். நடுவில் இருக்கிற தித்திவங்சா மலைத்தொடர் தடுப்பதால், பினாங்கு இருக்கிற மேற்குக் கரைக்கு மிச்சம்தான் வரும். பினாங்குக்கு செப்டம்பர், அக்டோபர்தான் அடைமழை. ஜனவரி, பிப்ரவரியில் நல்லா காயும். டிசம்பர் ரெண்டுக்கும் நடுவில்.

கிளம்பும் முன்னே மலேசிய வானிலைத் துறையோட மைசுவாச்சா (myCuaca) செயலியைப் பாருங்க. பாகி (காலை), பெத்தாங் (பிற்பகல், மாலை), மாலாம் (இரவு)னு மூணா பிரிச்சுப் போட்டிருப்பாங்க. பெத்தாங்கில் மட்டும் மழைன்னா காலையில் பசியாறிட்டு நேரா கொடிமலை (பினாங்கு ஹில்) ரயில். அம்மாவுக்கு முட்டிவலின்னு சொன்னீங்க, அதனால் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை ஈரத்தில் ஏற வேண்டாம். ராடார் படத்தில் கிழக்கே கூலிம் பக்கமிருந்து மேகம் தீவை நோக்கி நகர்ந்தா குடையை எடுத்துடுங்க.

ஒண்ணு மட்டும்: தொடர்மழை எச்சரிக்கை 'புரோக்' (ஆரஞ்சு) அல்லது 'பஹாயா' (சிவப்பு) நிலைக்குப் போனா தள்ளிப் போடுங்க. 2017 நவம்பர் 4, 5ல் ஒரே இரவில் தீவின் பல இடங்கள் மூழ்கிச்சு, மலை எதையும் தடுக்கலை. அப்படியே கிரிக் ஊர் வழியா மலையைத் தாண்டி கிளந்தான் போற எண்ணமிருந்தா, மேலே சொன்னது எதுவும் அந்தப் பயணத்துக்குப் பொருந்தாது.