மகள் ஃபேஷன் டிசைன் படிக்கணும் என்கிறாள், சேர்க்கலாமா?

அம்மா, நீங்கள் எழுதியது நீளமாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் நிஜமான கேள்வி ஒரே வரிதான்: "தையல் கத்துக்க எதுக்கு மூணு வருஷம், நாலு வருஷம் காலேஜ்?" இதைக் கேட்காத பெற்றோரை நான் பார்த்ததே இல்லை. சிலர் நேராகக் கேட்பார்கள், சிலர் பிள்ளை அறையை விட்டு வெளியே போனதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்பார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்க்கலாம். ஆனால் படிப்பின் நடுவில் சில மாதங்களாவது உடை நிஜமாகத் தயாராகிற ஓர் இடத்தில் அவளை உட்கார வைக்கிற கோர்ஸாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் கட்டடம் எவ்வளவு பளபளத்தாலும், ஆண்டு விழா ராம்ப் வாக் எவ்வளவு அமர்க்களமாக நடந்தாலும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், காகிதத்தில் எல்லா உடையும் அழகாகத்தான் இருக்கும், துணிதான் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒரு பின்னல் துணியில் டி-ஷர்ட் தைக்கிறோம் என்று வையுங்கள். துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, துவைத்து, காயவைத்து மறுபடி அளந்தால் நீளவாக்கில் 47.5 தான் வருகிறது. அதாவது 5 சதவீதம் சுருங்கிவிட்டது. இதைப் பார்க்காமல் 70 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய சட்டை முதல் துவைப்பிலேயே 66.5 ஆகி, போட்டவருக்குக் குட்டையாகிவிடும். 70 நிற்க வேண்டுமானால் பேட்டர்னை, அதாவது துணி வெட்ட வழிகாட்டும் காகித அச்சை, ஏறக்குறைய 73.7-க்குப் போட வேண்டும். வகுப்பறையில் இது ஐந்து மார்க் கேள்வி. மாதிரி உடை தைத்துப் பார்க்கிற சாம்பிள் அறையில், துவைத்து வந்த சட்டையின் மேல் பேட்டர்ன் மாஸ்டர் ஒரு வார்த்தையும் பேசாமல் டேப்பை வைத்துக் காட்டுவார். அந்த ஒரு நிமிஷ அவமானம் பத்து வகுப்புக்குச் சமம், அப்புறம் அவள் துவைத்துப் பார்க்காமல் எந்தத் துணியிலும் கத்தரியை வைக்க மாட்டாள்.

கட்டிங் மேசையும் அப்படித்தான். ஒரு சட்டைக்கு ஒன்றரை மீட்டர் துணி, பத்தாயிரம் சட்டை என்றால் 15,000 மீட்டர். துண்டுகளை நெருக்கமாக அடுக்கி அதில் 2 சதவீதம் மிச்சம் பிடித்தால் 300 மீட்டர். டிசைனர் ஆசையாக ஓர் அகலமான பேனலைச் சேர்த்தாலோ, எல்லாப் பூவும் ஒரே பக்கம் பார்க்கிற பிரிண்டைத் தேர்ந்தெடுத்தாலோ, துண்டுகளைத் திருப்பிப் போட்டு நெருக்கமாக அடுக்க முடியாமல் அந்த மிச்சம் காணாமல் போகும். அழகுக்காக அந்தச் செலவைச் செய்யலாம், தப்பில்லை. தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான். மார்க்கர் போடுகிறவர், அதாவது துணியில் துண்டுகள் அடுக்கும் வரைபடம் போடுகிறவர், பக்கத்தில் ஒரு வாரம் நின்ற மாணவி தன் அடுத்த டிசைனை வரையும் விதமே மாறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

"அப்படியானால் நேராக ஒரு தையல் கூடத்திலேயே சேர்த்துவிடலாமே, காலேஜ் எதற்கு" என்று இப்போது கேட்பீர்கள். நியாயம்தான். இதற்கு நான் எப்போதும் பிரிட்டிஷ் ஃபேஷன் டிசைனர் அலெக்சாண்டர் மெக்வீனைத்தான் சொல்வேன். 16 வயதில் பள்ளியை விட்டு கோட்டு தையலுக்குப் பேர்போன லண்டன் சாவில் ரோ தெருவில் தையல் பழகப் போனவர், அங்கே கோட்டு தைத்து, பிறகு நாடக உடைகள் செய்யும் இடத்தில் வேலை பார்த்து, இத்தாலி வரை போய்விட்டு வந்தார். பேட்டர்ன் வெட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலை கேட்டு லண்டனில் உள்ள சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரிக்குப் போனபோது, அவர்கள் அவரை மாணவராகச் சேர்த்துக்கொண்டார்கள். 1992-ல் முதுகலை முடித்தார். கை முழுக்கத் தொழில் இருந்தவருக்கும் கல்லூரி தேவைப்பட்டது. உடையின் வரலாறு, துணி அறிவியல், தன் யோசனையைப் பத்துப் பேர் முன்னால் வைத்து வாங்கிக் கட்டிக்கொள்வது, இதெல்லாம் தையல் கூடத்தில் கிடைக்காது, அங்கே யாருக்கும் நேரமும் இருக்காது. கல்லூரி மட்டும் போதும் என்பவர்களுக்கும் இதே கதையைத்தான் சொல்வேன். அவர் கல்லூரிக்குள் நுழையும்போதே கோட்டு தைக்கத் தெரிந்தவர்.

சரி, கல்லூரியை எப்படிப் பார்ப்பது? பிராஸ்பெக்டஸைத் தூர வையுங்கள். வகுப்பு நடக்கும் நாளில் போய் ஸ்டூடியோவைக் காட்டச் சொல்லுங்கள். மெஷின்கள் உறை போட்டு மூடியிருந்தால், தரையில் ஒரு நூல் துண்டுகூடக் கிடக்காமல் சுத்தமாக இருந்தால், எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒரு வகுப்பில் எத்தனை பேர், உடையை மாட்டிப் பார்க்கிற பொம்மை உடல் (டிரஸ் ஃபார்ம்) எத்தனை, மாலையிலும் மெஷினில் உட்கார விடுவார்களா என்று கேளுங்கள். கடைசி வருட மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, "உங்க ஃபைனல் கலெக்ஷனை யார் தைச்சாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் மாணவர் படம் வரைவார், வெளியே ஒரு டெய்லர் காசு வாங்கிக்கொண்டு தைத்துக் கொடுப்பார், மேடையில் மாணவர் கைதட்டல் வாங்குவார். இதில் வெட்கப்படுகிறவர்கள்கூடக் குறைந்துவிட்டார்கள். நேர்முகத்தேர்வில் ஒரு மூத்த டெக்னீஷியன் அந்த உடையை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, "இந்த ஆர்ம்ஹோலை (கை இணைகிற இடத்தை) ஏன் இப்படி முடிச்சீங்க?" என்று கேட்கும்போதுதான் விஷயம் தெரியும்.

முதலில் சொன்ன அந்த நேரடிப் பயிற்சி, அதாவது இன்டர்ன்ஷிப், எப்போது வருகிறது என்பது நிறையப் பேர் கவனிக்காத விஷயம். படிப்பு முடிகிற கடைசி மாதங்களில் தள்ளிவிட்டிருந்தால் அது வேலை தேடும் சடங்காகிவிடும். நடுவில் வந்தால்தான் அங்கே முளைத்த கேள்விகளோடு வகுப்புக்குத் திரும்ப முடியும். பிரிட்டனில் சாண்ட்விச் கோர்ஸ் என்று ஒரு ஏற்பாடு உண்டு, இரண்டு வருடம் படிப்பு, ஒரு வருடம் முழுக்கத் தொழிலில், திரும்பி வந்து கடைசி வருடம். அவ்வளவு நீளம் எல்லா இடத்திலும் கிடைக்காது, ஆனால் நடுவில் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இடத்தைக் கல்லூரி பிடித்துத் தருமா, நீங்களே தேட வேண்டுமா, அதற்கு மதிப்பெண் உண்டா, நடுவில் ஆசிரியர் யாராவது வந்து பார்ப்பாரா, இதையெல்லாம் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இடம் கிடைத்ததும் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் ஒரு கடிதம் வாங்க வேண்டும். எந்தப் பிரிவு, யார் மேற்பார்வை, எத்தனை மணி நேரம், ஊக்கத்தொகை உண்டா இல்லையா. இன்னொன்று, இன்னும் சந்தைக்கு வராத டிசைனை அவள் தன் போர்ட்ஃபோலியோவில், அதாவது தன் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் கோப்பில், காட்டக்கூடாது, போனில் படம் எடுக்கவும் பல இடங்களில் விடமாட்டார்கள். எதைக் காட்டலாம் என்று கிளம்பும் முன் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். இல்லையென்றால் ஆறு மாதம் உழைத்துவிட்டுக் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. அவள் தன் நோட்டில் தினமும் நாலு வரி எழுதினால் போதும்: இன்று எந்த சாம்பிள் திரும்பி வந்தது, ஏன் வந்தது, எப்படிச் சரி செய்தார்கள். நிறுவனத்தின் பெயரும் டிசைனும் இல்லாமலே அந்த நோட்டு நேர்முகத்தேர்வில் பேசும்.

முதல் இரண்டு வாரம் அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வரலாம். என்னிடம் வந்த ஒரு மாணவி பத்து நாளில் விட்டுவிடுகிறேன் என்றாள், பட்டன் எண்ணச் சொல்கிறார்களாம். எண்ணச் சொன்னார்கள் சரி, எந்தப் பட்டன் எந்த உடைக்கு, எத்தனை, யாரிடமிருந்து வருகிறது, ஒரு நாள் தாமதமானால் என்ன ஆகும் என்று யாரையாவது கேட்டாயா என்றேன். கேட்கப் போனவளை, ஆர்டர் வந்ததிலிருந்து அனுப்புவது வரை கவனிக்கிற மெர்ச்சண்டைசர் தன் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார், இப்போது அவளும் அதே வேலையில்தான் இருக்கிறாள். ஆனால் இரண்டு மாதம் கழித்தும் பட்டன் மட்டுமே எண்ணினால் அது பயிற்சியில்லை, இலவச வேலையாள். அப்போது கல்லூரியிடம் பேசி இடத்தை மாற்றச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு, தயங்காதீர்கள்.

படித்தால் வேலை கிடைக்குமா என்ற உங்கள் பயத்துக்கும் இதே இடத்தில்தான் பதில் இருக்கிறது. சொந்தப் பெயரில் லேபிள் நடத்துகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அதை நம்பிச் சேர்க்க வேண்டாம். பேட்டர்ன் மேக்கர், டெக்னிக்கல் டிசைனர், பிரிண்ட் டிசைனர், மெர்ச்சண்டைசர், தரக் கட்டுப்பாடு, துணி வாங்குகிற சோர்சிங் வேலை, சினிமா, நாடக உடை என்று இந்தத் துறையில் பலவிதமான வேலைகள் உண்டு. பதினேழு வயதில் இவற்றின் பெயர்கூட யாருக்கும் தெரியாது, ஒரு தயாரிப்பு இடத்துக்குள் போய் நின்றால்தான் தெரியும். கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் உடை தைத்துக் காட்டும் க்ளோ மாதிரியான மென்பொருளும் இப்போது கேட்கிறார்கள். கற்கட்டும், ஆனால் நிஜத் துணி எப்படி விழும் என்று தெரிந்தவருக்குத்தான் திரையில் தெரிவது சரியா தப்பா என்று புரியும்.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை வையுங்கள். போடாமல் கிடக்கும் பழைய காலர் சட்டை ஒன்றை அவளிடம் கொடுத்து, ஒவ்வொரு தையலாகப் பிரித்து, துண்டுகளை அயர்ன் செய்து, காகிதத்தில் கோடு எடுத்து, வேறு மலிவுத் துணியில் அதே சட்டையைத் தைக்கச் சொல்லுங்கள். முதல் சட்டை கண்டிப்பாகக் கோணலாக வரும், அதைப் பார்க்காதீர்கள். கோணலாக வந்த பிறகு அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். மூன்றாவது தடவையும் காலரைப் பிரித்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தால் நீங்கள் தடுத்தாலும் அவள் இந்தப் பக்கம்தான் போவாள். அப்புறம் ஒரு சின்ன விஷயம், பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலரும் அதன் அடிப்பட்டையும் எந்த வரிசையில் சேர்ந்தன என்பது பிரித்துப் போட்ட பிறகு யாருக்குமே ஞாபகம் வராது.