வீட்டுக்குள் வைக்கும் செடிக்கு மண் கலவை: பை வாங்கும் முன் சில வார்த்தைகள்

கேள்வி: யாங்கூனில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். கூடத்தில் மணி பிளாண்டும் ஸ்நேக் பிளாண்டும் வைத்திருக்கிறேன். சாலையோர நர்சரியில் ‘இயற்கை மண்’ என்று விற்ற பையை வாங்கித்தான் நட்டேன். மழை தொடங்கியதிலிருந்து மண் காய்வதே இல்லை. வாடை அடிக்கிறது, சின்னக் கொசு போன்ற பூச்சிகள் பறக்கின்றன, இலைகள் மஞ்சளாகின்றன. மண்ணை வாணலியில் வறுத்துப் போடும்படி பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நானே கலவை தயாரிக்க முடியுமா?

பதில்: மண்ணை வறுக்க வேண்டாம், சகோதரி. வறுத்தால் இப்போது இருக்கும் பூச்சி சாகும். ஆனால் அதை வரவழைத்த ஈரம் மறுபடி தண்ணீர் ஊற்றியதும் திரும்பிவிடும் என்பதால், அடுத்த கூட்டம் வந்து முட்டையிடும். உங்கள் செடிக்கு வந்த கேடு பூச்சியால் வந்ததன்று, வேருக்குக் காற்று கிடைக்காததால் வந்தது. வயலில் பொன்னாக விளையும் வண்டல் மண்ணைத் தொட்டிக்குள் அடைத்து, வெயில் படாத கூடத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால், அது இறுகி, நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேரை அழுகவிடும். ஆகவே வீட்டுச் செடிக்கு முதலில் வேண்டியது காற்றோட்டம். சத்து அதற்குப் பிறகுதான்.

நீங்கள் வாங்கிய பையைச் சோதித்துப் பாருங்கள். ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி, ஓர் இரவு அப்படியே வையுங்கள். தென்னை நாரும் உமிக்கரியும் பெரும்பாலும் மேலே மிதக்கும். களிமண் அடியில் வழவழவென்று படியும். பாதிக்கு மேல் அடியில் படிந்திருந்தால், நீங்கள் விலை கொடுத்து வாங்கியது கரித்தூள் சேர்த்துக் கறுப்பாக்கிய சேறுதான். இந்த நாட்டில் உரத்துக்கென்று 2002-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் தொட்டி மண் பையின் மேல் என்ன விகிதத்தில் என்ன சேர்த்திருக்கிறார்கள், எப்போது கட்டினார்கள் என்று அச்சிட்டிருப்பதைப் பார்ப்பது அரிது. இலைப் படம் ஒன்றும் ‘இயற்கை’ என்ற சொல்லும் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. கேட்க வேண்டியவர்கள் கேட்காததன் செலவைச் செடி வாங்குபவர்கள் சுமக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தரகர்கள் சிலர் வவ்வால் எச்சத்தை ‘சக்தி உரம்’ என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். வயலுக்கு அது நல்ல உரமாக இருக்கலாம். ஆனால் அதன் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். குழந்தைகளும் முதியவர்களும் உறங்கும் வீட்டுக்குள் அதைப் பிரிக்கவே கூடாது. கடலைப் புண்ணாக்கும் வேண்டாம்; எறும்பும் வாடையும் தேடி வரும்.

கலவைக்கு அரிசி அளக்கும் பால் டப்பாவையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தென்னை நார்த்தூள் 4 டப்பா, உமிக்கரி 3 டப்பா, நன்றாக மட்கிய மாட்டெரு அல்லது மண்புழு உரம் 2 டப்பா, கழுவிய பெருமணல் 1 டப்பா. இது ஓர் ஆறு அங்குலத் தொட்டியை நிரப்பி மிஞ்சும். ஸ்நேக் பிளாண்டுக்கு மட்டும் நாரையும் எருவையும் பாதியாகக் குறைத்து, மணலை 4 டப்பாவாக்குங்கள்.

நார்த்தூளில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் இறங்கும். நிறம் வெளுக்கும் வரை மூன்று முறையாவது மாற்றுங்கள். எரு மட்கியதா என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். ஒரு சிரட்டையில் எருவையும் நாரையும் சம அளவு கலந்து பத்து வெந்தயத்தைத் தூவுங்கள். ஐந்து நாளில் பெரும்பாலானவை முளைத்து நிமிர்ந்தால் எரு பக்குவமானது. முளை கருகினால் இன்னும் பச்சை எரு, வேரைச் சுட்டுவிடும்.

உமிக்கரியில்தான் ஏமாற்று அதிகம். அரிசி ஆலைகளில் குவிந்து கிடக்கும் பொருள் என்றாலும், ஆலையிலிருந்து வருவதெல்லாம் ஒன்றன்று. காற்றுப் படாமல் கரிந்த உமி கறுப்பாக, நெல்லின் படகு வடிவம் கெடாமல் இருக்கும். விரலிடையில் தேய்த்தால் நறநறக்கும். முழுவதும் எரிந்து வெளுத்த சாம்பலோ மாவாக உதிரும். அந்தச் சாம்பல் தொட்டியை அடைத்துவிடும், காரத்தன்மையும் (அமிலத்துக்கு எதிரான தன்மை) மிகுதி. நல்ல கரியையும் ஒரு முறை அலசிய பிறகே சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் லேசாக நனைத்துவிட்டுக் கலக்குங்கள். தூசி மூக்கில் ஏறக் கூடாது.

களிமண் வேண்டாம் என்று இவ்வளவு சொன்னாலும், நம் வீடுகளில் துளசியும் கறிவேப்பிலையும் இருக்கின்றனவே, அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை வீட்டுச் செடி என்று அழைக்கப்பட்டாலும் வெயிலில் வாழ்பவை. மாடத்திலோ பால்கனியிலோ பாதி நாள் வெயில் படும் தொட்டியில் நார்க் கலவை மட்டும் இருந்தால் மதியத்துக்குள் காய்ந்து போகும். கறிவேப்பிலை வளர்ந்து தலை கனத்ததும் காற்றில் தொட்டியோடு சாயும். ஆகவே அவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு எரு, மீதிப் பங்கில் நாரும் மணலும் போடுங்கள். கறிவேப்பிலைக்குக் காரத்தன்மை ஆகாது என்பதால் உமிக்கரியைக் கைப்பிடிக்கு மேல் சேர்க்க வேண்டாம். அதே துளசியை வெயில் இல்லாத சாமி அறைக்குள் வைத்தால் எந்தக் கலவையும் உதவாது; அதை வெளியே வைத்து, பூஜைக்கு மட்டும் தளிரைப் பறித்துக்கொள்ளுங்கள்.

மணி பிளாண்டைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பழைய சேற்றை நீரில் கரைத்து விடுங்கள். கறுத்துக் குழைந்த வேரை வெட்டி எறியுங்கள். வெள்ளை வேர் இருந்தால் செடி பிழைக்கும். எல்லாமே அழுகியிருந்தால் கணுவோடு ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் வையுங்கள். தொட்டியின் அடியில் துளை கட்டாயம். துளைக்கு மேல் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்று கல் விற்பவர்கள் சொல்வார்கள், வடியாது, வேருக்கான இடம்தான் குறையும். நட்ட பின் மேலே ஒரு விரல் கனத்துக்குப் பெருமணல் பரப்பினால் பூச்சி முட்டையிடுவது குறையும். அக்டோபரில் மழை ஓயும் வரை, விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, அங்கே ஈரம் இல்லையென்றால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.