சின்ன மெஸ்ஸுக்கு கலோரி போர்டு கட்டாயமா?

அண்ணே, மஞ்சக்குப்பத்துல ஒரே ஒரு மெஸ்தான் வச்சிருக்கேன், மெனு போர்டுல கலோரி போடலன்னா ஃபைன் போடுவாங்களான்னு கேட்டிருக்கீங்க. பயப்படாதீங்க, அந்த ரூல் 2022 ஜூலை 1லருந்து இருக்கு, ஆனா சென்ட்ரல் லைசென்ஸ் (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் FSSAI பெரிய நிறுவனங்களுக்குக் குடுக்கறது) வச்சிருக்கறவங்களுக்கும் 10 இடத்துலயோ அதுக்கு மேலயோ கடை இருக்கறவங்களுக்கும்தான், ஒத்தக் கடைக்கு இல்ல.

ஆனாலும் போடுங்கன்னுதான் சொல்வேன். எங்கப்பாவுக்கு சுகர், இங்க பாண்டில நாங்க வழக்கமா போற கடையில நெய் ரோஸ்ட் கல்லுல இருக்கும்போதே ரெண்டு கரண்டி நெய்ய சுத்தி ஊத்துறாங்க, தட்டுல வரும்போது அது தெரியவே தெரியாது, அவரு ஒரு தோசைதானேன்னு சாப்ட்டு எழுந்துடறாரு. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, எண்ணெய் நெய்யின்னா 9, கணக்கு எகிர்றது அங்கதான்.

லேப்புக்கெல்லாம் போக வேணாம். காலையில எண்ணெய் கேன எடை போடுங்க, தோசைக் கல்லுக்கு மட்டும் அத வச்சுக்கங்க, ராத்திரி திரும்ப எடை போட்டு, கொறஞ்சிருக்கற எண்ணெய எத்தன தோசை போச்சோ அதால வகுத்துடுங்க, ஒரு கரண்டி மாவு எத்தன கிராம்னும் தராசுல பாத்துக்கங்க. "சுமார்"னு சேத்து எழுதுங்க. நெட்ல கெடைக்கிற நம்பர அப்படியே எழுதிடாதீங்கண்ணே, உங்க கரண்டி வேற.