ஃபிக்ஸட்டா, ஃப்ளோட்டிங்கா? வட்டி ஏறும் காலத்து வீட்டுக்கடன் கேள்வி-பதில்

கேள்வி: 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன், 20 ஆண்டு. ஒரே வங்கியில் ஃப்ளோட்டிங் (மாறும் வட்டி) 8.5 சதவீதம், ஃபிக்ஸட் (மாறாத வட்டி) 10.5 சதவீதம் என்கிறார்கள். 2022-ல் வட்டி ஏறியபோது அண்ணன் திண்டாடியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்தப் பயத்தில் ஃபிக்ஸட்டே எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். எது சரி?
– வாசகி, திருச்சி

பதில்: ஃப்ளோட்டிங். காரணம் சொல்கிறேன்.

8.5 சதவீதத்தில் உங்கள் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். 10.5 சதவீதத்தில் சுமார் 39,900. வட்டி ஏறிவிடுமோ என்று பயந்து, ஏறிய வட்டியை முதல் மாதத்திலிருந்தே கட்டத் தொடங்குகிறீர்கள். உங்கள் அண்ணனை வாட்டிய ஏற்றம் எவ்வளவு? 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. மொத்தம் இரண்டரை சதவீதம். அதுவும் கொரோனா காலத்தில் அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்த இடத்திலிருந்து ஏறியது. உங்களுக்கு ஃபிக்ஸட் லாபமாக வேண்டுமென்றால், வட்டி இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். அசல் பெரிதாக இருக்கும் ஆரம்ப ஆண்டுகளிலேயே ஏற வேண்டும். ஏறியது இறங்காமலும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து நடப்பது கடினம்.

இதைச் செய்யுங்கள். ஃப்ளோட்டிங்கில் கடன் எடுத்து, ஃபிக்ஸட்டுக்குக் கட்டத் தயாராக இருந்த அந்த 39,900-ஐயே மாதாமாதம் கட்டுங்கள். வட்டி ஏறாமல் இருந்தால் 20 ஆண்டுக் கடன் பதினாலரை ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஏறினாலும் வீட்டுக்குப் பழகிப்போன தொகைதான். தனிநபர் எடுக்கும் ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனில் முன்கூட்டிச் செலுத்த வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. கூடுதல் பணம் அசலில் கழிகிறதா என்று மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு அறிக்கை வாங்கிப் பாருங்கள்.

சம்பளத்தில் ஆயிரம் ரூபாய்கூட மிஞ்சாத குடும்பம், இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள், கடைசித் தவணை வரை மாறாத ஃபிக்ஸட். இந்த மூன்றும் பொருந்தினால் ஃபிக்ஸட் எடுப்பதில் தப்பில்லை.

கேள்வி: அடுத்த இரண்டு ஆண்டுகளில் வட்டி ஏறுமா, இறங்குமா?
– வாசகர், ஓசூர்

பதில்: எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லிக் கடன் விற்க வருபவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

கேள்வி: 2021-ல் 30 லட்சம் எடுத்தேன், 6.75 சதவீதம், ஃப்ளோட்டிங், 20 ஆண்டு. தவணை 22,811. வட்டி ஏறியபோதும் தவணை மாறவில்லை. நல்லவேளை என்று இருந்துவிட்டேன். இப்போது கடன் முடியும் தேதியைப் பார்த்தால் என் ஓய்வு வயதைத் தாண்டிப் போகிறது. வங்கி என்னிடம் கேட்கவே இல்லை. இது முறையா?
– வாசகர், மதுரை

பதில்: முறையே இல்லை. பல ஆண்டுகளாக இதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு முறையும் எழுதுகிறேன்.

வட்டி ஏறும்போது வங்கிக்கு இரண்டு வழி. தவணையை உயர்த்தலாம், அல்லது தவணையை அப்படியே வைத்துக் காலத்தை நீட்டலாம். தவணை உயர்ந்தால் வாடிக்கையாளர் மறுநாளே கிளைக்கு வந்து சண்டை போடுவார். காலம் நீண்டால் ஒருவரும் வரமாட்டார். அதனால் காலத்தை நீட்டினார்கள், பலருக்கு ஒரு குறுஞ்செய்தியோடு.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். 18 மாதம் கட்டிய பிறகு உங்கள் அசல் பாக்கி சுமார் 28.88 லட்சம். வட்டி 9.25 சதவீதத்துக்கு வந்தால், ஒரு மாத வட்டி மட்டும் சுமார் 22,260. நீங்கள் கட்டும் 22,811-ல் அசலுக்குப் போவது 550 ரூபாய். அந்த வேகத்தில் கடன் முடிய இன்னும் சுமார் 40 ஆண்டுகள் ஆகும். பதினெட்டரை ஆண்டு பாக்கியிருந்த கடன் 40 ஆண்டாகிறது. தவணையில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை! வட்டி இன்னும் கால் சதவீதம் ஏறியிருந்தால் உங்கள் தவணை வட்டிக்கே போதாமல், கட்டக் கட்ட அசல் வளர்ந்திருக்கும். பழைய தேதியிலேயே முடிக்க வேண்டுமென்றால் தவணை சுமார் 27,200 ஆக வேண்டும். மாதம் 4,400 கூடுதல். வலிக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வலி. யாராவது அப்போதே உங்களிடம் கேட்டிருந்தால் 4,400 இல்லாவிட்டாலும் 2,000-மாவது கூட்டியிருப்பீர்கள். அந்த முடிவை உங்களிடமிருந்து பறித்ததுதான் குற்றம்.

இந்தப் புகார்கள் குவிந்த பிறகே 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதா என்ற தேர்வை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். ஒரு பகுதியையோ முழுவதையுமோ முன்கூட்டிக் கட்ட அனுமதிக்க வேண்டும். தவணை வட்டிக்கே போதாமல் அசல் வளரும் நிலை வரக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வசூலான அசல், வட்டி, பாக்கித் தவணைகள், ஆண்டு வட்டி எல்லாம் போட்ட அறிக்கை தர வேண்டும். பழைய கடன்களுக்கும் 2023 டிசம்பர் 31-க்குள் இதை நடைமுறைப்படுத்தச் சொன்னார்கள்.

ஆகவே கிளைக்கு எழுத்தில் கொடுங்கள்: 'காலத்தைப் பழையபடி குறைத்து, தவணையை உயர்த்தவும்.' ரசீது முத்திரை இல்லாமல் திரும்பி வராதீர்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதிலில் நியாயம் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஒம்புட்ஸ்மேனிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, விடாதீர்கள்.

கேள்வி: கடன் எடுத்து ஆறு மாதமாகிறது. என்னுடையது ஃபிக்ஸடா, ஃப்ளோட்டிங்கா என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், சென்னை

பதில்: வங்கி தந்த அனுமதிக் கடிதத்தைப் பிரித்துப் படியுங்கள். இருபது ஆண்டு கட்டப்போகிற பணம் இது. கையெழுத்துப் போடும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஆறு மாதம் கழித்து எனக்கு எழுதுகிறீர்கள். கடிதம் தொலைந்துவிட்டதென்றால் இன்றே கிளைக்குப் போய் நகல் வாங்குங்கள்.

கேள்வி: என் கணவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று ஆண்டுக்கு முன் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் 'ஃபிக்ஸட், 8.9, மாறவே மாறாது' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். போன மாதம் முதல் 11.4 என்கிறார்கள். கேட்டால் ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். ஏமாந்துவிட்டோமா?
– வாசகி, கோவை

பதில்: ஆமாம் அம்மா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. வாயால் ஒன்று சொல்லி, தாளில் வேறொன்று அச்சடித்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு வட்டியை மாற்றிக்கொள்ளலாம் என்று உள்ளே ஒரு நிபந்தனை இருக்கும். ரீசெட் என்பார்கள். ஃபிக்ஸட் என்று விற்கப்படும் பல கடன்களில் இது உண்டு.

முதலில் அந்த நிபந்தனை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். விளம்பரத் தாள், வாட்ஸப் செய்தி, ஏஜென்ட் கைப்பட எழுதித் தந்த கணக்கு எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். வீட்டுக்கடன் நிறுவனங்கள் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன் திட்டத்தில் வராது. அவற்றின் மீது தேசிய வீட்டுவசதி வங்கியின் இணையப் பக்கத்தில் புகார் செய்ய வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போய்விடுங்கள்.

வேறு வங்கிக்குக் கடனை மாற்றவும் பாருங்கள். மூன்று ஆண்டு முடிந்து உங்கள் கடன் மாறும் வட்டிக்குப் போய்விட்டதென்றால், முன்கூட்டி அடைக்க அபராதம் கேட்கக்கூடாது. பழைய எம்ஓடி (வீட்டுப் பத்திரத்தை அடமானமாக வைத்ததற்கான ஆவணம்) ரத்து, புது எம்ஓடி பதிவு, பிராசஸிங் கட்டணம் என்று செலவு வரும். அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: 2014-ல் எடுத்த கடன். புதிதாக எடுப்பவர்களைவிட எனக்கு வட்டி அதிகமாக இருக்கிறதே?
– வாசகர், சேலம்

பதில்: நீங்கள் இன்னும் பேஸ் ரேட்டில், அதாவது வங்கியே தீர்மானிக்கும் பழைய அடிப்படை வட்டி முறையில் இருக்கலாம். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகளின் புதிய ஃப்ளோட்டிங் வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை. மாற்றச் சொல்லி விண்ணப்பியுங்கள். கட்டணம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டுக்கடனோடு 1.6 லட்சம் ரூபாய் காப்பீடும் எடுத்தால்தான் வட்டியில் சலுகை என்கிறார்கள். கட்டாயமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சட்டப்படி கட்டாயம் இல்லை. எனக்கும் இப்படித்தான் ஒன்றை விற்றார்கள். பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே சேர்த்துவிட்டதால், அந்தக் காப்பீட்டுக்கும் இன்றுவரை வீட்டுக்கடன் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். கடன் எடுக்கும் உங்களுக்குக் காப்பீடு வேண்டும்தான். தனியாக ஒரு டெர்ம் பாலிசி (உயிரிழப்புக்கு மட்டும் பணம் தரும் காப்பீடு) எடுத்துக்கொள்ளுங்கள். கடன் வேறு வங்கிக்குப் போனாலும் அது உங்களோடு இருக்கும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி கைக்கு வந்ததும் ஃப்ரீ லுக் காலத்துக்குள் (வேண்டாமென்றால் திருப்பித் தர அனுமதிக்கும் நாட்கள்) ரத்து செய்யச் சொல்லி எழுதுங்கள். 'காப்பீடு எடுக்காவிட்டால் கடன் இல்லை' என்று மேலாளர் சொன்னால், அதை அவர் கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.